கரகரப்பு காயிலிலா, ஓரப் பஞ்சிலா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். புளியரையில் வீடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரின் புனலூர் வீட்டில் ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். தாழ்ந்த ஒலிக்கு எட்டு அங்குல ஊஃபர், மேலே உச்ச ஒலிக்கு ட்வீட்டர். இந்தச் சாரல் தொடங்கியதிலிருந்து, நாதஸ்வரக் கச்சேரி போட்டால் தவில் விழும் இடமெல்லாம் இடது பெட்டி கரகரக்கிறது. வலது பெட்டியில் ஜால்ரா ஒலியே இல்லை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "நான்கு யூனிட்டும் மாற்ற வேண்டும், 9,000 ரூபாய்" என்கிறார்கள். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. தவிலுக்குக் கரகரத்தால் ஊஃபர், ஜால்ரா கேட்கவில்லை என்றால் ட்வீட்டர். இரண்டு பெட்டியில் இரண்டு தனித்தனிக் கோளாறு. மற்ற இரண்டு யூனிட்டும் என்ன பாவம் செய்தன?

முதலில் குற்றவாளி பெட்டிதானா என்று உறுதி செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். கரகரப்பு அதே பெட்டியில் நின்றால் கோளாறு பெட்டியிலோ அதற்குப் போகும் வயரிலோ. அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்னாலோ. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். பெட்டிக்கு அருகில் உள்ள பொருள்களையும் கையால் அழுத்திப் பாருங்கள். என் வீட்டு ஊஃபரை மூன்று நாள் சந்தேகப்பட்டேன். கடைசியில் அதிர்ந்தது அலமாரியில் இருந்த குத்துவிளக்கின் அன்னம்.

பெட்டிதான் என்றால் முன்புற வலையைக் கழற்றி, ஊஃபரின் கோனைச் (ஆடி ஒலி எழுப்பும் கூம்பு) சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். அது ரப்பராக இருந்தால் நீண்ட காலம் உழைக்கும். பஞ்சு போன்ற ஃபோமாக இருந்தால் 10 முதல் 20 ஆண்டுகளில் தானே மக்கிவிடும். ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். உங்கள் ஊர்ச் சாரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்டுவிரலால் மெல்லத் தொடுங்கள். மக்கிய ஃபோம் ஊறிய ரஸ்க் போல அமுங்கி, விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். ஓரிடத்தில் கீறல் விட்டிருந்தாலே போதும், கோன் சாய்ந்து ஆடிக் கரகரக்கும்.

அடுத்த சோதனைதான் முக்கியம். இரு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, ஒரே சீராக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமின்றிப் போய் வந்தால் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) உரசவில்லை. மணல் உரசுவது போல் கேட்டால் காயில் காந்தத்தின் இடுக்கில் உரசுகிறது. ஃபோம் கிழிந்து கோன் சாய்ந்ததால்கூட இந்த உரசல் வரும். எனவே உரசல் கேட்டதுமே காயில் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

காயில் அறுந்ததா என்பதை மல்டிமீட்டர் (மின்தடையை ஓமில் அளக்கும் கருவி) சொல்லிவிடும். ஊஃபரின் வயர் ஒன்றைக் கழற்றிவிட்டு அதன் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். பெட்டியில் 8 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டரில் 5.5 முதல் 7 வரை வரும். 4 ஓம் என்றால் 3-க்குச் சற்று மேல். குறைந்து காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், இயல்பே அதுதான். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. திருகாணியைக் கழற்றும்போது மறு கையால் ஸ்க்ரூடிரைவரின் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊஃபரின் காந்தம் அதைச் சட்டென்று இழுக்கும். கோனில் ஓட்டை விழ அரை நொடி போதும்.

காயில் நலம், ஃபோம் மட்டும் மக்கியிருக்கிறது என்றால் செலவு சில நூறு ரூபாய்தான். கோனின் விட்டம், வளையத்தின் வெளி விட்டம் இரண்டையும் அளந்து அதே அளவு ஃபோம் வளையம் வாங்குங்கள், இரண்டு ஊஃபருக்கும் சேர்த்து. ஒன்று மக்கினால் மற்றது வரிசையில் நிற்கிறது என்று பொருள். பழைய பஞ்சையும் பசையையும் பொறுமையாகச் சுரண்டி எடுப்பதுதான் பெரிய வேலை. அரை நாள் பிடிக்கும். காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் பசையால் முதலில் கோனில் ஒட்டுங்கள். அது காய்ந்ததும் வெளி விளிம்பை ஒட்டுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே கோனை மெல்ல அழுத்தி, உரசாத நடு இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். நொடியில் ஒட்டும் பசை இதற்கு ஆகாது, திருத்த நேரமே தராது.

ஊரில் மைக் செட் ஸ்பீக்கர் பார்க்கும் கடைக்காரர் கைராசிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருப்பது பெரும்பாலும் திருவிழா ஸ்பீக்கருக்கான கோன். அதன் எடையும் விறைப்பும் வேறு. வீட்டுப் பெட்டியின் ஊஃபரில் அதைப் போட்டால் கரகரப்பு போகும், கூடவே பெட்டியின் ஆழ்ந்த ஒலியும் போய்விடும். "ஃபோம் மட்டும் மாற்றுங்கள், கோனைத் தொடாதீர்கள்" என்று வாயால் சொல்வதோடு ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

ட்வீட்டரைப் பெட்டியின் பின்புற முனையில் அளந்தால் ஒன்றும் தெரியாது. நடுவே உள்ள கெப்பாசிட்டர் என்ற பாகம் மீட்டரின் மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். ட்வீட்டரையே கழற்றி நேராக அளக்க வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் அதன் காயில் எரிந்துவிட்டது. அதே ஓமும் அதே அளவும் கொண்டதாகத் தேடுங்கள். சரியாகக் காட்டினால் கெப்பாசிட்டரோ விட்டுப்போன சால்டரோ காரணம். கெப்பாசிட்டரை அதில் அச்சிட்டுள்ள மைக்ரோஃபாரட் அளவிலேயே, பிளஸ் மைனஸ் இல்லாத வகையில் வாங்குங்கள். எரிந்த ட்வீட்டர் என்றால் ஒரு கேள்வி: சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கடைசி வரை திருகி வைத்துக் கேட்டீர்களா? சக்தி மீறிய ஆம்ப்ளிஃபயர் ஒலியைச் சிதைக்கும். அந்தச் சிதைவு ட்வீட்டரைத்தான் சுடும். பழக்கம் மாறாவிட்டால் புதியதும் எரியும்.

இனி, சட்டம். புனலூர்க்காரர் வியாபாரி அல்லர், வீட்டுப் பொருளை விற்றவர். அவர்மீது நுகர்வோர் வழக்கு நிற்காது. காசு வாங்கிப் பழுது பார்க்கும் கடை அப்படியல்ல. வேலையில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். கடை கேரளத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், தமிழிலேயே பேசலாம். எதற்கும் ரசீது வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஸ்பீக்கர் வாங்க விரும்புகிறேன். போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்? (வாசகர், களியக்காவிளை)

பதில்: ஒரு டார்ச், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு வயர், நன்கு பழகிய ஒரு பாட்டு. வலையைக் கழற்றச் சொல்லி ஃபோமைப் பாருங்கள். பெட்டியின் முனைகளில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஊஃபர் 'டப்' என்று அசைய வேண்டும். பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் இரண்டு பெட்டியும் ஒரே திசையில் அசைகின்றனவா என்றும் கவனியுங்கள். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போனால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். கூடவே, பெட்டியில் காற்றுத் துளை இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டையிட்டிருக்கும். அதற்காகப் பெட்டியை ஒதுக்க வேண்டாம், விலையில் ஐநூறு குறைக்க அது காரணம்.