எல்லை தாண்டி வந்து கொட்டிய மருத்துவக் கழிவை, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப முடியுமா?

முடியும். 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து கொண்டுவந்து திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டப்பட்ட கழிவை, தேசிய பசுமைத் தீர்ப்பாய உத்தரவுப்படி கேரள அதிகாரிகளே வந்து லாரிகளில் அள்ளிப் போனார்கள். நாடுகளுக்கிடையே இதற்கு 1989ஆம் ஆண்டின் பாசெல் உடன்படிக்கை இருக்கிறது. பெறும் நாடு எழுத்தில் சம்மதிக்காமல் கழிவு எல்லை தாண்டக் கூடாது. அனுப்பிய தரப்பின் தவறு என்றால், அனுப்பிய நாடு தகவல் தெரிந்த 30 நாளுக்குள் அதைத் திருப்பி எடுக்க வேண்டும்.

எல்லாம் ஆதாரத்தைப் பொறுத்தது. குவியலைக் கிளறாமல், இருப்பிடமும் நேரமும் பதியும்படி படம் எடுங்கள். மேலே தெரியும் மருத்துவமனைச் சீட்டு, பையின் பார்கோடு (2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிப்படி கட்டாயம்) இரண்டையும் நெருக்கமாக எடுங்கள். நோயாளி பெயர் உள்ள படங்களை வாட்ஸ்அப்பில் பரப்பவே வேண்டாம். காவல் நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மட்டும் எழுத்துப் புகாருடன் கொடுங்கள். ஊசி குத்தும் அபாயம் உண்டு; ஆடு மாடு, பிள்ளைகள் நெருங்காதபடி கயிறு கட்டுங்கள்.

நாற்றம் தாங்காமல் தீ வைப்பதுதான் பெரிய கேடு. ஆதாரமும் போகும், குறைந்த வெப்பத்தில் எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து டையாக்சின் என்ற நச்சும் வரும். முறையான எரியுலையில், புகையை மறுபடி எரிக்கும் இரண்டாம் அறையில் சுமார் 1050 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஜேசிபி வைத்துப் புதைப்பதும் தீர்வல்ல. ஐப்பசி மழையில் ஊறி குளத்துக்கும் கிணற்றுக்கும் போய்விடும்.

தடுப்பதானால், தென்காசி மாவட்டக் கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச் சாவடியில், காலி வண்டி என்று சொல்லிக் கேரளத்திலிருந்து திரும்புகிற லாரிகளின் தார்ப்பாயையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.