பத்துப் பேர் இருந்த கடைக்குக் கிராஜுவிட்டி உண்டு

கேள்வி: பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். 2014 ஆகஸ்டில் சேர்ந்த ஊழியர் ஒருவர் 2025 ஏப்ரலில் முன்கூட்டிச் சொல்லாமல் நின்று, எதிர்க்கடையில் சேர்ந்துவிட்டார். வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். அவர் மகள் கல்யாணத்துக்கு 40,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன், இன்னும் திருப்பித் தரவில்லை. இப்போது கிராஜுவிட்டி (வேலையை விட்டு நிற்கும்போது தரும் பணிக்கொடை) கேட்டுத் தொழிலாளர் துறையில் மனுப் போட்டிருக்கிறார். கொரோனாவுக்கு முன்பு கடையில் 13 பேர் இருந்தார்கள், இப்போது 8 பேர்தான். எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் யாரும் இதைக் கொடுத்ததில்லை. 8 பேர்தான் எப்போதும் இருந்தார்கள் என்று பதிவேடு தயார் செய்துவிடலாம் என்கிறார் கணக்கு எழுதுபவர். செய்யலாமா?

பதில்: உங்கள் வழக்கு ஒரே ஒரு வரியில் முடிந்துவிட்டது. அந்த வரியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘கொரோனாவுக்கு முன்பு 13 பேர்’. அவர் நின்றபோது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டப்படி, 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் வேலை பார்த்திருந்தாலே கடை அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். வந்த பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது.

எதிர்க்கடைக்குப் போனது, சொல்லாமல் நின்றது, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டது எதையும் உங்கள் பதில் மனுவில் எழுதாதீர்கள். ஐந்து வருடம் முடித்தவர் தானாக நின்றாலும் கிராஜுவிட்டி உண்டு. சங்கத்தில் யாரும் கொடுத்ததில்லை என்பது, இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. கைமாற்றுக் கடன் தனி விவகாரம். அதைக் கிராஜுவிட்டியில் நீங்களாகக் கழிக்க முடியாது. கிராஜுவிட்டியைப் பிடித்துக்கொள்ளச் சட்டம் சொல்லும் காரணங்கள் மிகச் சில. வேலையில் நிறுவனத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தியது, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் என்று அவை போகும். அதுவும் அந்தக் காரணத்துக்காகவே வேலையை விட்டு நீக்கியிருந்தால்தான். உங்கள் ஊழியரை யாரும் நீக்கவில்லை.

சரி, பதிவேட்டு யோசனைக்கு வருகிறேன். நான் பயப்படுவது இதற்குத்தான். கிராஜுவிட்டிக்குப் பயந்து இந்த வேலையைச் செய்து, அதைவிடப் பல மடங்கு இழந்த வழக்குக் கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். புதிதாக எழுதிய வருகைப் பதிவேடு பார்த்தாலே தெரியும். நாலு வருடத்துக்கும் ஒரே பேனா, ஒரே கை, ஓரம் மடங்காத தாள். நோட்டின் பின்னட்டையில் அச்சிட்ட வருடம், உள்ளே எழுதிய வருடத்துக்குப் பிந்தியதாக இருந்ததும் உண்டு. அப்புறம் எதிர்த்தரப்பு என்ன கொண்டுவரும் தெரியுமா? ஆயுத பூஜை அன்று கடை வாசலில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம். வாட்ஸ்அப் குழுவின் பெயர்ப் பட்டியல். ஜிபேயில் நீங்கள் சம்பளம் அனுப்பிய விவரம். இதில் ஒன்று போதும், குறுக்கு விசாரணையில் உங்கள் மற்ற எல்லாப் பேச்சும் பொய்யாகிவிடும். பொய் ஆவணம் தயாரித்துத் தாக்கல் செய்வது தனிக் குற்றம், அதற்குத் தனி வழக்கு வரும்.

அந்தப் பதிவேட்டில் இப்போதுள்ள 8 பேரிடமும் கையெழுத்து வாங்கச் சொல்வார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். சம்பளத்தை நம்பி இருப்பவரிடம் பொய்க்குக் கையெழுத்துக் கேட்பது அநியாயம். நாளை அவரும் நின்றுவிட்டால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி அவர்தான்.

இன்னொன்று. 10 பேர் இருந்தார்களா என்ற சண்டையை நீங்கள் இழுக்க இழுக்க, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பக்கமும் கதவு திறக்கும். அங்கேயும் வரம்பு 10 பேர்தான். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கியவர்களுக்கு நீங்கள் காப்பீட்டுச் சந்தா கட்டவில்லை என்றால், ஐந்து வருடம் வரை பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள், வட்டியும் சேரும். ஊழியர் பங்கையும் நீங்களே கட்ட வேண்டும், அவர்களிடம் பிறகு பிடிக்க முடியாது.

இத்தனைக்கும் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு? அவருடைய கடைசிச் சம்பளம் 18,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 700. வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், அதாவது 10,500. அவர் வேலை பார்த்தது 10 வருடம் 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனதால் 11 வருடம். ஆக 1,15,500 ரூபாய். நின்ற 30 நாளுக்குள் கொடுக்காததால் அதற்குப் பிறகு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. உத்தரவு எதிராக வந்து மேல்முறையீடு போக நினைத்தாலும், முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வழக்கை இழுத்து உங்களுக்கு மிச்சமாகப் போவது எதுவும் இல்லை.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். பாதித் தொகையைக் கொடுத்து ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது சமரசம் ஆகாது. சட்டப்படி வர வேண்டியதைக் குறைத்து எழுதிய ஒப்பந்தம் மனுவை விசாரிக்கும் அதிகாரி முன் நிற்காது, கொடுத்ததற்குமேல் மீதியையும் கட்டச் சொல்வார். முழுத் தொகையையும் வட்டியோடு வங்கி வழியாகக் கொடுத்து, அதிகாரி முன்பே பதிவு செய்து மனுவை முடித்துக்கொள்ளுங்கள். 40,000 ரூபாயை அதே உட்காரலில் மரியாதையாகக் கேளுங்கள். பணம் கைக்கு வந்த நிம்மதியில் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், எழுத்தில் ஆதாரம் இருந்தால் மட்டும் தனியாக சிவில் வழக்கைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த வாய்தாவுக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இருக்கிற 8 பேருக்கும் சேர்ந்த தேதி, சம்பளம் போட்டு நியமனக் கடிதம் கொடுத்து, ஐந்து வருடம் தாண்டியவர்களின் கிராஜுவிட்டியை இப்போதே கணக்கிட்டு ஒதுக்கத் தொடங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய பணிக்கொடைச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், அவர்களுக்குச் ‘சம்பளம்’ என்பதன் வரையறை மாறியிருக்கிறது. படிகளைப் பெரிதாகக் காட்டி அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கும் பழைய கணக்கு அதில் செல்லாது. சங்கக் கூட்டத்தில் தொழிலாளர் துறையிலிருந்து வந்த இந்த நோட்டீஸை எடுத்துக் காட்டுங்கள். உங்களைப் போலவே 10 பேரைத் தாண்டிய கடைக்காரர்கள் அங்கே நிச்சயம் இருப்பார்கள். அவர்களிடம் வேலை பார்ப்பவர்களுக்கும் இது சேர வேண்டிய பணம்.