கறுப்பு ஏன் வெளுத்தது?

கேள்வி: காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து வரும்போது 1978 டாட்ஜ் மொனாக்கோ காரின் மாடல் ஒன்று வாங்கி வந்தார். 1:24 அளவு, முழுக்க வெள்ளை. அதைக் கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்து காராக மாற்ற நினைத்து, ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் சாம்பல் பூத்துவிட்டது. பெயிண்ட் போலியா? கதவில் நட்சத்திரம், கூரையில் சுழல் விளக்கு வைப்பது எப்படி?
- வாசகர், கீழக்கரை

பதில்: டப்பாவைத் திட்டாதீர்கள் தம்பி. மண்டபம் ஊரில் இருபத்தைந்து வருடம் வேன், ஆட்டோ, வள்ளம் என்று பெயிண்ட் அடித்தவன் நான். கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய கறுப்பு அம்பாசிடர் ஒன்று, மழைக்கால இரவில் அடித்தது, விடியும்போது திருநீறு பூசிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பேசியதை இங்கே எழுத முடியாது.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீராகப் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வெளியே வியர்க்கிறதே, அதே கதை.

சுரண்ட வேண்டாம். மழை விட்டு வெயில் காயும் நாளாகப் பார்த்து, பதினொரு மணிக்கு மேல் உட்காருங்கள். முதலில் காரைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். மொட்டை மாடிக் காற்றில் உப்பு இருக்கும், விரலில் எண்ணெய் இருக்கும். டப்பாவைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். கொதிநீர் கூடவே கூடாது, அடுப்புப் பக்கமே போகாதீர்கள். அப்புறம் பனி விழுந்தாற்போல் ஒரே ஒரு கை. புதுத் தின்னர் பழைய படலத்தை இளக்கி ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதற்கும் மசியாவிட்டால் 1500 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்துவிட்டு மறுபடி அடியுங்கள். நிஜக் கார் சுமார் 18 அடி நீளம். உங்களுடையது 9 அங்குலம். கொஞ்சம் தடிமனாக அடித்தாலும் கதவுக் கோடு அடைந்துவிடும்.

நட்சத்திரத்துக்கு ஏழு முனை. ஐந்து அல்ல. என் முதல் மொனாக்கோவுக்குக் கைப்பழக்கத்தில் ஐந்து முனை வெட்டி ஒட்டி, ஒரு வருடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ரோந்து காரில் கதவு வெள்ளை என்பது உங்களுக்கு வசதி. பிரிண்டரால் வெள்ளை மை அடிக்க முடியாதே என்ற கவலை இல்லை, தண்ணீரில் நனைத்து ஒட்டும், கண்ணாடி போன்ற டெக்கல் தாளே போதும். கலர் லேசரில் எடுங்கள். இங்க்ஜெட்டில் எடுத்தால் தாளின் மேல் முதலில் நிறமில்லாத கிளியர் வார்னிஷ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் போட்டதும் நட்சத்திரம் கரைந்து ஓடும். கதவு பளபளப்பாக இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி வெள்ளியாகத் தெரியும்.

சுழல் விளக்கு வேண்டாம் என்பது என் கட்சி. கலிபோர்னியா மாநிலச் சட்டம் போலீஸ் வண்டிக்குக் கட்டாயம் என்று கேட்பது, முன்பக்கம் நிலையாக எரியும் ஒரு சிவப்பு விளக்கு. கூரை மொட்டையாகவே ஓடிய ரோந்து கார்கள் நிறைய. முன் கண்ணாடியின் இரு பக்கத் தூணிலும் ஸ்பாட் லைட் வைத்து, ஓட்டுநர் பக்கத்து விளக்குக்கு மட்டும் கண்ணாடியில் தீட்டும் சிவப்பு கிளாஸ் பெயிண்ட் ஒரு சொட்டு விடுங்கள். ஓட்டுநர் பக்கம் என்றதும் நம் கை வலது பக்கம் போகும். அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், ஞாபகம் இருக்கட்டும்.

முடித்ததும் கடலைப் பார்த்த ஜன்னலில் வைக்காதீர்கள், சக்கரத்தின் இரும்பு அச்சு ஒரு மழைக்காலம் தாங்காது. மூடியுள்ள பெட்டியில், மாத்திரை டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள்.