கேள்வி-பதில்: கதவுக்கும் அலாரத்துக்கும் டேக்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் முகப்புக் கதவு, டேக்கை (சாவிக்கொத்தில் மாட்டும் சிறு மின்னணு வில்லையை) காட்டினால் திறக்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. தொலைந்துபோன டேக்குகளுக்கு மாற்று கேட்டால், அமைப்பைப் பொருத்திய நிறுவனம் தன்னிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்கிறது. பார்வைக்கு அதே போன்ற டேக்குகள் வெளியில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கலாமா? (குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை)

பதில்: வாங்கலாமா என்பது டேக்கின் உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்தது, நீல நிறப் பிளாஸ்டிக் உறையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. நம் ஊரில் புழங்கும் டேக்குகளில் பெரும்பாலானவை 125 கிலோஹெர்ட்ஸ் அல்லது 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. ஒன்றுக்கான ரீடர் (கதவருகே டேக்கைப் படிக்கும் கருவி) பொதுவாக மற்றொன்றைப் படிக்காது. என்எஃப்சி (மிக அருகில் உள்ள சிப்போடு கம்பியின்றித் தகவல் பரிமாறும்) வசதியுள்ள கைப்பேசியின் பின்புறத்தில் உங்கள் டேக்கை வைத்துப் பாருங்கள். கைப்பேசி ஏதேனும் எதிர்வினை காட்டினால் அது 13.56 வகை, ஒன்றும் நிகழாவிட்டால் பெரும்பாலும் 125 வகை.

125 வகையில் மிகப் பரவலான இஎம்4100 சிப்பாக இருந்தால், வெளியில் வாங்கிய டேக்கும் உங்கள் ரீடரில் வேலை செய்யும். ஆலையிலேயே பதிக்கப்பட்ட, மாற்ற இயலாத ஓர் எண் மட்டுமே அந்தச் சிப்பில் உண்டு. அந்த எண்ணைக் கதவின் கன்ட்ரோலரில் (பூட்டை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில்) பதிவு செய்துவிட்டால் போதும். இங்கேதான் உங்கள் உண்மையான சிக்கல் இருக்கிறது. பதிவு செய்வதற்கான நிர்வாகக் கடவுச்சொல் அல்லது மாஸ்டர் கார்டு (டேக்குகளைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் தலைமை அட்டை) நிறுவனத்தின் கையிலேயே இருந்தால், நூறு டேக்குகளை மலிவாக வாங்கினாலும் பயன் இல்லை. ஆகவே டேக்கின் விலையைப் பேசுவதற்கு முன், கடவுச்சொல், மாஸ்டர் கார்டு, எந்த வீட்டுக்கு எந்த எண் என்ற பட்டியல் ஆகிய மூன்றையும் சங்கத்திடம் ஒப்படைக்குமாறு எழுத்து மூலம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எதுவும் இல்லாத நிலையில் நிறுவனம் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். தொலைந்த டேக்குகளின் எண்களை நீக்கச் செய்வதையும் மறந்துவிடாதீர்கள். மாற்று டேக் வாங்குவதைவிட அதுவே அவசரமான வேலை.

கேள்வி: சொந்தமாக நகை அடகுக் கடை நடத்துகிறேன். டேக்கைக் காட்டினாலே அலாரம் அணையும் அமைப்பை விற்பனையாளர் பரிந்துரைக்கிறார். இதை நகல் எடுக்கவே முடியாது என்றும் உறுதி கூறுகிறார். நம்பலாமா? (கடை உரிமையாளர், சேலம்)

பதில்: சிப்பின் பெயரை விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள், அவர் தயங்கினால் அந்த உறுதிமொழியின் மதிப்பு உங்களுக்கே தெரிந்துவிடும். மேலே சொன்ன இஎம்4100 டேக்கை, எழுதக்கூடிய டி5577 சிப்பில் நகல் எடுக்க மலிவான கருவியும் சில நொடிகளும் போதும். அதுமட்டுமன்றி, இத்தகைய டேக்குகள் பலவற்றில் பத்து இலக்க எண் வெளியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் படம் பிடித்தவர், டேக்கைத் தொடாமலே நகல் செய்துவிடக்கூடிய அமைப்புகளும் உள்ளன. அந்த அச்சைச் சுரண்டிவிடுவது நல்லது.

13.56 வகை என்றாலே பாதுகாப்பு என்று எண்ணுவதும் சரியன்று. இவ்வகையில் மிகப் பரவலான மைஃபேர் கிளாசிக் சிப்பின் ‘கிரிப்டோ-1’ மறையாக்கத்தின் (தகவலைப் பிறர் படிக்க இயலாதபடி மாற்றும் முறையின்) சாவி வெறும் 48 பிட் நீளமுடையது. நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே அதன் பலவீனத்தை வெளிக்கொணர்ந்தனர். தயாரிப்பு நிறுவனம் அவர்களின் ஆய்வுக் கட்டுரைக்குத் தடை கோரி நீதிமன்றம் சென்றும் பலிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே சிப்பைப் புதிய அமைப்புகளில் விற்கிறார்கள் என்பதுதான் வருந்தத்தக்கது. அடகுக் கடைக்கு 128 பிட் ஏஇஎஸ் மறையாக்கம் கொண்ட மைஃபேர் டெஸ்ஃபயர் போன்றவற்றையே கேளுங்கள். ரீடர் அந்த மறையாக்கத்தை உண்மையிலேயே பயன்படுத்துகிறதா, அல்லது டேக்கின் வரிசை எண்ணை மட்டும் படித்துவிட்டு அலாரத்தை அணைக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னது என்றால் விலையுயர்ந்த சிப் வாங்கியும் பழைய கதைதான்.

எந்தச் சிப்பாக இருந்தாலும், டேக் மட்டும் போதும் என்று விடாமல், டேக்குடன் ரகசிய எண்ணையும் அழுத்தினால்தான் அலாரம் அணையும்படி அமைக்கச் சொல்லுங்கள். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி டேக் கொடுத்தால், பணியிலிருந்து விலகியவர் டேக்கைத் திருப்பித் தராவிட்டாலும் அவருடைய எண்ணை மட்டும் நீக்கிவிடலாம். கடையை யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் கிடைக்கும். சுயதொழிலாக, பிழைப்புக்காகவே கடை நடத்துபவர் வாங்கும் பொருளை வணிக நோக்கம் என்று ஒதுக்காமல், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவரையும் நுகர்வோராகவே ஏற்கிறது. எனவே எழுத்தில் தந்த உறுதிமொழி பொய்த்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

கேள்வி: டேக்கில் பேட்டரி மாற்ற வேண்டுமா? மின்வெட்டின்போது கதவு என்னவாகும்? (வாசகி, மதுரை)

பதில்: ரீடரில் காட்டும் சாதாரண டேக்கில் பேட்டரியே இல்லை; ரீடரின் காந்தப்புலத்திலிருந்தே அது மின்சாரம் பெறுகிறது. ஆனால், கதவில் காந்தப்பூட்டு இருந்தால் மின்சாரம் நின்றவுடன் அது பிடியை விட்டுவிடும். தீ விபத்தில் மக்கள் வெளியேற அது உதவும் என்றாலும், மின்வெட்டில் கதவு யாருக்கும் திறந்தே கிடக்கும். ஆகவே பூட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் பேட்டரி காப்பு சேர்த்தே விலை கேளுங்கள். அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.