டெஃப்லான் பட்டை: 0.04-ஐ நம்பி மோட்டார் வாங்கலாமா?

கேள்வி: 60 கிலோ பெட்டியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டவாளத்தில் நகர்த்த வேண்டும். பெட்டியின் அடியில் 50×50 மி.மீ. அளவில் நான்கு டெஃப்லான் பட்டைகள். கேட்லாகில் உராய்வு எண் 0.04 என்றிருக்கிறது. 60 × 0.04 = 2.4 கிலோ இழுக்கும் மோட்டார் போதும்தானே?

பதில்: போதாது. உராய்வு எண்ணை 0.2 என்று வைத்து, 12 கிலோவாவது இழுக்கும் மோட்டாராகப் பாருங்கள்.

0.04 பொய் இல்லை. பாரம் நன்றாக அழுத்தி, நகர்வும் மிக மெதுவாக இருக்கும்போது கிடைக்கிற எண் அது. உங்கள் 60 கிலோவோ 100 சதுர செ.மீ.யில் பரவி நிற்கிறது, சதுர செ.மீ.க்கு வெறும் 0.6 கிலோ. இவ்வளவு லேசான அழுத்தத்தில், கொஞ்சம் வேகமும் சேர்ந்தால் எண் 0.1-ஐத் தாண்டிவிடும். அழுத்தம், வேகம், உலோகத்தின் வழவழப்பு எதையும் சொல்லாமல் ஒற்றை எண்ணை அச்சடித்துவிடுகிறார்கள். அளந்தவர்களுக்கு அதெல்லாம் தெரியாதா என்ன? கூட ஒரு வரி போட்டால் எத்தனை பேர் தப்பிப்பார்கள்!

நீங்களே அளந்துவிடலாம். தண்டவாளத்தையும் பட்டையையும் ஸ்பிரிட்டால் துடைத்து, முழு எடையோடு நூறு முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். டெஃப்லான் மெல்லிய படலமாக உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு அசைக்காமல் விட்டு, காலையில் ஸ்பிரிங் தராசை மாட்டிக் கிடைமட்டமாக மெல்ல இழுங்கள். பெட்டி கிளம்பும் கணத்தில் முள் 9 கிலோ காட்டினால், 9÷60 = 0.15. அந்த 9-உடன் அதில் பாதியையும் சேர்த்து மோட்டார் வாங்குங்கள்.

அதற்கு முன், கையில் இருப்பது டெஃப்லான்தானா என்று பாருங்கள். வெள்ளையாக, வழுக்கலாக இருப்பதையெல்லாம் டெஃப்லான் என்று தலையில் கட்டும் இடைத்தரகர்கள் உண்டு. 50×50×10 மி.மீ. துண்டு ஒன்றை எடை போடுங்கள். கலப்பில்லாத டெஃப்லான் 54 கிராம் அளவில் இருக்கும். அசிட்டால் என்ற பிளாஸ்டிக் 35, நைலான் 28 அல்லது 29. 24-க்கும் குறைந்து தண்ணீரில் மிதந்தால் அது பெரும்பாலும் பாலிஎத்திலீன். வழுக்குவதில் அதுவும் சோடையில்லை, ஆனால் விலை குறைவு. டெஃப்லான் விலை கொடுக்காதீர்கள். நைலான் என்றால் உலர்ந்த நிலையில் 0.2 முதல் 0.4 வரை போகும், மேலே போட்ட கணக்கு செல்லாது.

கிரீஸ் வேண்டாம். தூசியைப் பிடித்து வைக்கும், படலத்தையும் ஒட்டவிடாது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு எதுவுமே உதவாது. பெட்டியின் பக்கவாட்டை ஒரு தண்டவாளம்தான் நேராகப் பிடித்திருக்கிறது, இழுக்கும் கம்பி அதிலிருந்து தள்ளி இருக்கிறது என்றால் பெட்டி கோணிக்கொண்டு இறுகும். கோணலாக இழுத்த மேசை இழுப்பறை சிக்குமே, அதேதான். அந்த இடைவெளி, முன்பின் வழிகாட்டிப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள நீளத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டவே கூடாது. உராய்வு 0.25 ஆனால் அந்த இரண்டு மடங்கிலேயே பூட்டிக்கொள்ளும். அப்போது மோட்டாரைப் பெரிதாக்கினால் இறுக்கமும் கூடவே ஏறும், பெட்டி நகராது. கம்பியைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வழிகாட்டிப் பட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பொருத்துங்கள்.