மூடிய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

ஜார்க்கண்டின் ஜாரியா, மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதிகளின் நிலத்தடிச் சுரங்கங்களை மூடுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

பொறியியல் மாணவர்: சார், நிலக்கரி எடுத்து முடித்ததும் வாசலை அடைத்துவிட்டால் போதாதா?

போதாது தம்பி. வேலை நடந்தவரை பம்பும் மின்விசிறியும் இரவு பகலாக ஓடின. அவை நின்றதும் தண்ணீர் ஏறும், மீத்தேன் சேரும். ஷாஃப்டை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியை, மக்காத கல், இடிபாடு கொண்டு நிரப்பி, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் மூடி போட வேண்டும். கண்ட குப்பையைக் கொட்டினால் அது மக்கி இறங்கி, மூடிக்கு அடியில் பள்ளம் விழும். வாயு வெளியேற ஒரு குழாயும் வைக்க வேண்டும். காற்றழுத்தம் குறையும் நாளில் உள்ளிருக்கும் வாயு மேலே வரும். அதில் ஆக்ஸிஜன் குறைவு, வாசனையும் இருக்காது.

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை: நெய்வேலியிலும் இப்படித்தானா?

இல்லை அம்மா, அங்கே இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். பிரச்சினைகள் வேறு.

இன்னொரு மாணவர்: உள்ளே தண்ணீர் நிறைந்தால் யாருக்கு என்ன கெடுதல்?

பக்கத்துச் சுரங்கத்தில் வேலை செய்கிறவருக்கு. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில் தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்து 375 பேர் இறந்தார்கள். 2001 பிப்ரவரியில் பாக்டிகியில் 29 பேர். அங்கே வந்தது பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கத்தின் தண்ணீர். பழைய தோண்டல்களுக்கு 60 மீட்டருக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் பழைய தோண்டல் எங்கே முடிகிறது என்று வரைபடம் சரியாகச் சொன்னால்தானே 60 மீட்டரை அளக்க முடியும்? மூடும் வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி அளவெடுப்புதான். கான்கிரீட்டில் தவறு இருந்தால் பிறகு திருத்தலாம். தண்ணீர் ஏறிய பிறகு உள்ளே போய் அளக்க யாராலும் முடியாது.

குடும்பத்தலைவி ஒருவர்: அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? ஓடையில் செம்மஞ்சளாக வருகிறதே.

அது இரும்பு. பாறையிலுள்ள பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது, காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது, அதில் இரும்பு கரைந்து வந்து வெளியில் படிகிறது. எல்லாச் சுரங்க நீரும் இப்படி இருக்காது. சுத்திகரித்து ஊர்களுக்குக் கொடுக்கும் இடங்களும் உண்டு. சோதிக்காமல் மட்டும் வாயில் வைக்காதீர்கள்.

தன்பாத்தில் வேலை பார்க்கும் தமிழர்: பல வருடம் முன்பு மூடிய சுரங்கத்தின் மேல் மனை விலைக்கு வருகிறது. இவ்வளவு நாள் தாங்கிய நிலம் இனியும் தாங்காதா?

அந்தக் கணக்கு இங்கே எடுபடாது சார். இந்தப் பகுதிகளில் பெரும்பாலும் நிலக்கரித் தூண்களை விட்டுவிட்டு நடுவில் வெட்டினார்கள். தூண்கள் மெல்ல உதிர்ந்து, பல பத்தாண்டுகள் கழித்துகூட மேலே நிலம் உள்வாங்கும். ஆழம் குறைந்த இடத்தில் திடீரென்று குழி விழும். வெட்டிய இடத்தை மணலால் நிரப்பியிருந்தால் ஆபத்து குறைவு. விரிசல் வழியே காற்று புகுந்தால் மிச்ச நிலக்கரி தானாகவே பற்றும்; ஜாரியாவில் 1916-லேயே தீ பதிவாகிவிட்டது.

அவரே மீண்டும்: வரைபடத்துக்கு யாரைக் கேட்பது?

கைவிடப்பட்ட சுரங்கத்தின் வரைபடம் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்குப் போயிருக்க வேண்டும். அதன் தலைமையகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கேயும், அந்தப் பகுதி நிலக்கரி நிறுவனத்தின் சர்வே பிரிவிலும் எழுத்தில் கேளுங்கள். 1970-களின் தேசியமயத்துக்கு முந்தைய தனியார் சுரங்கம் என்றால் வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். துளையிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.