எஃகுச் சட்டகத்தில் நேரும் சேதங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: கிரேனில் தூக்கும்போது மோதியதில் ஒரு பீமின் ஃபிளாஞ்ச் (அதன் மேலும் கீழும் உள்ள தட்டையான பட்டை) பக்கவாட்டில் வளைந்துவிட்டது. சூடேற்றி நிமிர்த்தலாமா?

பதில்: நிமிர்த்தலாம். ஆனால் டார்ச்சைப் பற்றவைப்பதற்கு முன், வளைந்த இடத்தின் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, காந்தத்துகள் சோதனையின் (எஃகைக் காந்தமாக்கி, இரும்புத்தூள் தூவி விரிசலைக் கண்டறியும் முறை) மூலம் விரிசல் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். விரிசலோடு நிமிர்த்தினால் அது மேலும் நீளும். பிறகு, வளைவின் புடைத்த பக்கம் அகன்றிருக்கும்படி 'வி' வடிவில் கோடிட்டு, கூர்முனையில் தொடங்கி அகன்ற பக்கத்தை நோக்கிச் சூடேற்ற வேண்டும். சூடான பகுதி விரிய முயலும்போது சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அதைத் தடுப்பதால் அவ்விடம் தடித்துப் போகிறது. ஆறும்போது அகன்ற பக்கமே அதிகம் சுருங்குவதால் பீம் தானாகவே நேராகிறது. ஜாக்கியின் வேலை அந்த அசைவுக்கு அளவோடு துணைநிற்பது மட்டுமே. பலவந்தமாகத் தள்ளினால் ஃபிளாஞ்ச் கிழியவும் கூடும். சாதாரணக் கார்பன் எஃகில் வெப்பம் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. வெப்பப் பதப்படுத்தலால் வலிமை கூட்டப்பட்ட எஃகுக்கு வரம்பு இன்னும் குறைவு. அது சுமார் 590 டிகிரி. வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால், நிறத்தை நம்பாமல் குறித்த வெப்பத்தில் உருகி வெப்பநிலையைக் காட்டும் கிரேயானைப் பயன்படுத்துங்கள். வேலையை முடிக்கும் அவசரத்தில் தண்ணீர் ஊற்றுவதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். 315 டிகிரிக்குக் கீழ் வரும்வரை எஃகு தானாகவே ஆறட்டும்.

கேள்வி: போல்ட் துளைகள் இடம் மாறிவிட்டன. வெல்டிங் செய்து அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிடலாமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். சிறிய வட்டத் துளைக்குள் மின்முனையை (வெல்டிங் ராடை) சரியான கோணத்தில் பிடிக்க முடியாததால், அடியில் கசடு (வெல்டிங்கில் உண்டாகும் கழிவு) சிக்கிக்கொள்ளும். உலோகம் முழுமையாக உருகி இணையாது. மேற்பரப்பைக் கிரைண்டரால் தேய்த்தபின் குறை வெளியே தெரியாது என்பதே பெரிய ஆபத்து. கிரேனைத் தாங்கும் கர்டர் (பெரிய பீம்) போல மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் உறுப்பில், களைப்பு விரிசல் அங்கிருந்தே தொடங்கலாம். துளை போக மீதமுள்ள குறுக்குவெட்டு சுமைக்குப் போதுமானதா என்று வடிவமைப்புப் பொறியாளரைக் கணக்கிடச் சொல்லுங்கள். போதுமானால் துளையை அப்படியே விடலாம், அல்லது போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். அடைத்தே ஆகவேண்டுமென்றால், அவருடைய ஒப்புதலுடன் துளையை நீள்வடிவாகக் குடைந்து வெல்டிங் செய்து, உள்ளே மறைந்த குறைகளை ஒலியலையால் கண்டறியும் மீயொலிச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

கேள்வி: வெல்டர் தவறுதலாகப் பீமின் மீது வெல்டிங் ராடை உரசியதில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: கூடாது. நொடியில் உருகி நொடியில் குளிர்ந்த அந்தப் புள்ளி, கடினமாகி எளிதில் விரிசல் விடக்கூடியது. அது முழுவதும் நீங்கும்வரை வழவழப்பாகத் தேய்த்து, விரிசல் இல்லை என்று சோதித்த பிறகே பெயின்ட் அடியுங்கள்.